காட்டூருக்குப் போன சீமை நொச்சி

மகனே, நீ பம்பாயிலிருந்து எழுதுகிற ஒவ்வொரு கடிதமும் ஒரே கேள்வியில்தான் முடிகிறது: "செடி எப்படி இருக்கிறது?" அப்பாவின் இருமலைப் பற்றி விசாரிப்பாய், ரேஷன் கடையில் அரிசி ஒழுங்காகக் கிடைக்கிறதா என்று கேட்பாய், பிறகு புறப்பட்டுப் போகிறவன் வாசலில் நின்று திரும்பிக் கேட்பதுபோல அதைக் கேட்பாய். நானும் "இருக்கிறது" என்று ஒரு வார்த்தை எழுதி உறையை ஒட்டிவிடுவேன். இந்த முறை அப்படி ஒட்ட முடியவில்லை. காலையிலிருந்து எழுத உட்காருவதும், எழுந்து போய்க் கொல்லைக் கதவைத் திறந்து பார்ப்பதுமாக இருக்கிறேன். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை, ஆனாலும் கால் ஒரு இடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது. பெண் வீட்டார் பம்பாயிலேயே இருப்பதால் கல்யாணத்தையும் அங்கேயே முடித்துவிடலாம், நீங்கள் இருவரும் ரயில் ஏறி வந்தால் போதும் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். அப்பா படித்துவிட்டு, "சரிதானே, அவங்களுக்கும் சௌகரியம்" என்றார். கல்யாணம் எந்த ஊரில் நடந்தாலும் எனக்கு ஒன்றுதான். ஆனால் நீ இந்த ஊர்ப்பக்கம் வராமல் இருக்க உனக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் கிடைத்துவிடுகிறதே, அதுதான் என்னை உட்காரவிடவில்லை. ஆகவே செடியின் கதையை முழுவதுமாக எழுதிவிடுகிறேன். நீ விட்டுப்போன பிறகு நடந்தது எதுவும் உனக்குத் தெரியாது.

போர் முடிந்து நீ இத்தாலியிலிருந்து திரும்பி வந்த ஆடி மாதத்தில் காவேரி கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. திருச்சி ஸ்டேஷனில் இறங்கும்போது உன் தோளில் ஒரு பை, கையில் ஒரு பிஸ்கட் டின். அப்பா வந்து பையை வாங்கியபோது கொடுத்தாய். டின்னுக்குக் கை நீட்டியபோது கொடுக்கவில்லை. வண்டி பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் வந்து சேரும் வரை அதை மடியில் வைத்துக்கொண்டு, வெயில் படாமல் உன் கையால் மறைத்தபடியே உட்கார்ந்திருந்தாய். டின்னில் மண்ணும், அதில் ஒரு சாண் உயரச் செடியும் இருந்தன. வட்டமான இலை, ஓரத்தில் ரம்பம் போன்ற பற்கள், தடவினால் பூனை நாக்குபோல ஒரு சொரசொரப்பு. எல்லோரும் பதக்கம் கொண்டுவருவார்கள், கம்பளி கொண்டுவருவார்கள், இவன் செடி கொண்டுவந்திருக்கிறானே என்று நினைத்தேன். மறுநாள் காலை கிணற்றடியில் அதற்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே நீயாகச் சொன்னாய்.

"ரத்தினம் வண்டி அடிபட்ட இடத்துல வேலி முழுக்க இந்த மரந்தாம்மா. ஊருக்குக் கிளம்புறதுக்கு முந்தின வருஷம் ஒரு தடவை அங்க போனேன். அந்தப் பண்ணை வீட்டுக்காரர் கொட்டையைக் கை நிறைய அள்ளிக் குடுத்து 'நொச்சோலா, நொச்சோலா'ன்னார். திங்கறதுக்குத்தான் குடுத்தார். எனக்குத் திங்க மனசு வரல. பனிக்காலம் பூரா ஈர மணல்ல போட்டு வெளியிலயே வச்சிருந்தேன். நாலஞ்சு முளைச்சுது. கப்பல்ல இது ஒண்ணுதான் பொழச்சுது."

அப்பா பல் துலக்கிக்கொண்டே, "நொச்சியா? நொச்சி இலை இப்படி இருக்காதே" என்றார். நீ சிரித்தாய். வந்த பிறகு நீ சிரித்தது அந்த ஒரு தடவைதான். இங்கிலீஷில் ஹேசல் என்பார்கள், அங்கே கொட்டையை மிட்டாயில் போடுவார்கள் என்றெல்லாம் விளக்கினாய். ஆனால் அன்றிலிருந்து நம் வீட்டில் அதன் பெயர் சீமை நொச்சி என்றே ஆகிவிட்டது.

ரத்தினத்தை நினைக்காமல் நான் அந்தச் செடியை ஒருநாளும் பார்த்ததில்லை. பாலக்கரைப் பள்ளிக்கூடத்தில் உன் பக்கத்தில் உட்கார்ந்தவன். ஒரே பட்டறையில் லாரி வேலை கற்றுக்கொண்டீர்கள். நீ பட்டாளத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்த மறுநாளே அவனும் கொடுத்தான். அங்கேயும் இரண்டு பேரும் ஆம்புலன்ஸ் வண்டிதான் ஓட்டினீர்கள். நீ திரும்பி வந்தாய். அவனுக்குப் பதிலாகக் காட்டூரில் இருந்த அவன் அம்மாவுக்குத் தந்தி வந்தது. அவனை அங்கேயே தகனம் செய்துவிட்டார்கள் என்று நீ எழுதியிருந்தாய். வந்த அந்த வாரத்தில் நீ ஒருமுறை காட்டூருக்குப் போனாய், போன வேகத்தில் திரும்பினாய். அடுத்த சில நாளில் பம்பாயில் மோட்டார் கம்பெனி வேலை என்று கிளம்பிவிட்டாய். கிளம்பும்போது, "நம்ம கொல்லையிலயே வச்சிருங்கம்மா" என்று மட்டும் சொன்னாய்.

வைத்துவிடு என்று சொல்வது சுலபம். ரயிலில் கார்டாகப் போய் எத்தனையோ ஊரைப் பார்த்த உன் அப்பா, நீ போன அன்றே சொல்லிவிட்டார். "இது பனி பெய்யுற ஊர் மரம். இங்க மழைக்காலம் வரைக்கும் தழைக்கும். பங்குனி வெயிலைப் பார்த்ததும் படுத்துரும்." கிணற்றுக்கும் மாமரத்துக்கும் நடுவே நிழலாக ஒரு இடம் இருக்கிறதே என்றேன். "நிழல் இருந்தா போதுமா? காத்தே கொதிக்குதே, அதுக்கு என்ன பண்ணுவ?" என்றார். பிறகு அவரே ஒரு வழி சொன்னார். அவரோடு வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் கோடைக்கானலில் வீடு கட்டி, பேரிக்காய் மரம் வைத்திருக்கிறார். அவர் தோட்டத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பிழைத்துக்கொள்ளும். "கோடை ரோடு வரைக்கும் ரயில், அதுக்கு மேல பஸ். டின்னை நானே மடியில வச்சுக் கொண்டுபோறேன்" என்றார்.

அது நல்ல யோசனைதான். அதற்குச் சம்மதிக்க எனக்கு வாய் வரவில்லை, மறுக்கவும் வாய் வரவில்லை. காலையில் எழுந்ததும் கோடைக்கானல்தான் சரி என்று தோன்றும். செடியைப் பார்த்தால், நீ நம் கொல்லையில் வை என்றுதானே சொன்னாய் என்று தோன்றும். குழி வெட்டச் சொல்வேன், வெட்டிய பிறகு மூடச் சொல்வேன். அப்பாவுக்கு என்மேல் எரிச்சல். டின்னைக் கிணற்றடிக்கும் தாழ்வாரத்துக்குமாக மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தேன். இங்கே நட்டு, அது நம் கண் முன்னால் கருகினால் உனக்கு என்னவென்று எழுதுவது? அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. ரத்தினத்தின் அம்மா மரகதத்துக்கு இந்தச் செடி எங்கிருந்து வந்தது என்று தெரிந்து, அதன்பிறகு இது செத்துப்போனால், அவள் பிள்ளையை இன்னொரு முறை பறிகொடுப்பாள். அவளுக்குத் தெரியாமலே மலைக்கு அனுப்பிவிடுவது நல்லது என்று ஒருவழியாக முடிவுக்கு வந்தபோது, மரகதமே வந்து நின்றாள்.

அவள் அவ்வப்போது வருவாள் என்பது உனக்குத் தெரியாது. மாடு வைத்துப் பால் ஊற்றிப் பிழைக்கிறவள். மதியப் பாலுக்கு முன் கிடைக்கிற நேரத்தில் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் வந்து, "தம்பிகிட்டருந்து கடுதாசி வந்துச்சா அக்கா?" என்று கேட்டுவிட்டு, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போவாள். தந்தி வந்து இரண்டாவது வருஷமும் முடியப்போகிற நேரம் அது, அவள் அப்போதும் கருமாதி செய்திருக்கவில்லை. உறவுக்காரர்கள் சொல்லிப் பார்த்து ஓய்ந்துவிட்டார்கள். "சாம்பலப் பார்த்தேனா, எலும்பப் பார்த்தேனா? யாரையோ எரிச்சுட்டு என் பிள்ளைன்னு எழுதிட்டா நான் என்ன பண்றது?" என்பாள். வருஷா வருஷம் சமயபுரத்துக்கு நடந்தே போகிறவள், அதையும் விட்டிருந்தாள். கேட்டால், "அவளுக்கும் எனக்கும் பேச்சு இல்ல அக்கா" என்று மாரியம்மனைப் பக்கத்து வீட்டுக்காரியைச் சொல்வதுபோலச் சொல்வாள். அன்று கை கழுவக் கிணற்றடிக்குப் போனவள், டின் முன்னால் குனிந்து நின்றுவிட்டாள்.

"இது என்ன செடிக்கா? நம்ம பக்கத்துச் செடி இல்லையே."

ஏதோ காட்டுச் செடி என்று சொல்லியிருக்கலாம். வாயில் அதுதான் வந்தது. ஆனால் அவள் ஏற்கெனவே இலையைத் தொட்டுக்கொண்டிருந்தாள், அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டு எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். வேலி, பண்ணை வீடு, கை நிறையக் கொட்டை, ஈர மணல், கப்பல். கேட்டு முடித்ததும் முந்தானையால் கையைத் துடைத்தாள். "இதை நான் கொண்டுபோறேன்" என்றாள்.

வேண்டாம் என்றேன். அப்பாவும் வந்து சேர்ந்துகொண்டார். வெயில் தாங்காது, கோடைக்கானலில் வைத்தால் வருஷக்கணக்கில் இருக்கும், காய்க்கக்கூடச் செய்யும், அவள் எப்போது வேண்டுமானாலும் போய்ப் பார்த்து வரலாம் என்று எடுத்துச் சொன்னார். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"அங்க வச்சா யாரு பார்ப்பாங்க?"

"என் சிநேகிதர் நல்லாப் பார்த்துக்குவார்மா."

"அவனையும் யாரோதான் பார்த்துக்கிட்டாங்க. அப்படித்தான் எழுதியிருந்தாங்க."

அப்பா அதோடு விட்டுவிட்டார். நான்தான் விடாமல், "செத்துப்போயிருமேடி மரகதம். நீ அதையும் தாங்கணுமே" என்றேன். அவள் டின்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"சாகட்டுமே அக்கா. என் வாசல்ல சாகட்டும். அவன் சாகும்போது நான் மாடு கறந்துக்கிட்டிருந்தேனா, சந்தைக்குப் போயிருந்தேனா, எதுவுமே தெரியல. இது செத்தா நான் பக்கத்துல இருப்பேன்ல."

அவளுக்கு நல்லது என்று நான் தனியாக உட்கார்ந்து யோசித்ததெல்லாம் அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமலே யோசித்தது. நீ ஒருத்தியைக் கைப்பிடிக்கப் போகிறாய். அவளுக்கு எது தாங்கும், எது தாங்காது என்று நீயாக முடிவு கட்டாதே. அவளிடமே கேட்டுவிடு. உன் அப்பாவும் நானும் இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அதில் தடுமாறுகிறோம்.

ஐப்பசி மழை பிடித்ததும் நாங்கள் காட்டூருக்குப் போனோம். மாட்டுக்கொட்டகைக்கு வடக்கே, சாயங்கால வெயில் படாத மூலையில் அப்பா குழி வெட்டினார். மணலும் மட்கிய சாணமும் கலந்து போட்டார். மரகதம் டின்னை வெட்டி, வேர் கலையாமல் இரண்டு கையாலும் எடுத்து இறக்கினாள். "ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் போனாங்க" என்று மண்ணைத் தள்ளிக்கொண்டே சொன்னாள். "யாரு யாரைக் கூட்டிட்டுப் போனாங்கன்னு யாருக்குத் தெரியும்? எம்புள்ளதான் லாரி லாரின்னு தம்பி உசுர வாங்கினவன்." உன் பெயரை இழுத்து ஒரு குறை சொல்வாளோ என்று பயந்துகொண்டே நானும் மண்ணைத் தள்ளினேன். அவள் சொல்லவில்லை. இன்றுவரை சொன்னதில்லை.

மழைக்காலம் முழுக்கச் செடி நன்றாக வந்தது. முழங்கால் உயரத்துக்கு எழுந்து பக்கக் கிளைகூட விட்டது. மார்கழியில் இலை பழுத்துக் கொட்டத் தொடங்கியது. கடைசி இலையும் விழுந்த அன்று மரகதம் பால் பாத்திரத்தோடு அப்படியே இங்கே ஓடிவந்தாள். "போயிருச்சுக்கா" என்றாள், அழவில்லை. நாங்கள் மூவரும் பஸ்ஸில் போனோம். பஸ் முழுக்க வெள்ளைக்காரன் எப்போது போவான் என்ற பேச்சு. எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. அப்பா குனிந்து தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டிக் காட்டினார். உள்ளே பச்சை. "குளிர் ஊர் மரம்மா. குளிர்காலத்துல இலையைக் கொட்டிட்டுத் தூங்கும். செத்துப்போகல." மரகதம் அந்தப் பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு தினமும் அதைச் சுரண்டிப் பார்ப்பாள் என்று பயந்து, "அடிக்கடி சுரண்டாதே, காயம்" என்று அப்பா சொல்லிவிட்டு வந்தார்.

மாசியில் துளிர்த்தது. மகனே, அந்தத் துளிரைப் பார்த்த அன்று எனக்கு வந்த பரபரப்பை எழுதத் தெரியவில்லை. உனக்கு உடனே எழுத உட்கார்ந்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். எழுதிவிட்டால் நீ நம்பிவிடுவாய், நீ நம்பிய பிறகு வெயில் வரும் என்ற பயம். மரகதமோ அந்த வாரமே பூக்கூடையோடு சமயபுரத்துக்கு நடந்தாள். "பேச ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்டேன். "பூவை மட்டும் குடுத்துட்டு வந்தேன். இன்னும் பேசல" என்றாள்.

பிறகு பங்குனி. அதன் பிறகு சித்திரை. இங்கத்து வெயிலை உனக்கு நான் விவரிக்க வேண்டாம். பாலக்கரையிலிருந்து சாக்குகள் வாங்கி அப்பா தட்டி கட்டிக் கொடுத்தார். மரகதம் அந்தச் சாக்குகளை நனைத்துக்கொண்டே இருந்தாள். வேரைச் சுற்றி வைக்கோல் பரப்பினாள். மாடுகளுக்கு இறைத்ததைவிட அதற்கு இறைத்த தண்ணீர் அதிகம் என்று அக்கம்பக்கத்தார் கேலி செய்தார்கள். இலை முதலில் ஓரத்தில் பொரிந்தது, பிறகு சுருண்டது, பிறகு தொட்டால் பொடிந்தது. கத்திரி வெயில் தொடங்கியபோது குச்சிதான் நின்றது. நான் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போய்ப் பார்த்தேன். வீட்டில் இருந்தால் அங்கே என்ன ஆயிற்றோ என்று இருக்கும், அங்கே போனால் எப்போது கிளம்பலாம் என்று இருக்கும். ஒருநாள் காலை போனபோது மாடுகள் கறக்காமல் கத்திக்கொண்டிருந்தன. மரகதம் அந்தக் குச்சியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"நேத்து சாயங்காலம் வரைக்கும் அடித்தண்டுல பச்சை இருந்துச்சுக்கா. இன்னிக்கு இல்ல" என்றாள். "நான் எங்கயும் போகல. இங்கயேதான் இருந்தேன்."

சொல்லிவிட்டு அழுதாள். தந்தி வந்த அன்றும் அழாதவள், உறவுக்காரர்கள் மாரடித்து அழுதபோது மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தவள், என் மடியில் சாய்ந்து, "ஐயோ ரத்தினம், ஐயோ என் சாமி" என்று அழுதாள். இதைத்தான் நான் வராமல் தடுக்கப் பார்த்தேன். தடுத்திருந்தால் அது அவளுக்குள்ளேயே இருந்து அவளைக் கொன்றிருக்கும். மாடுகளை நான்தான் கறந்தேன். எனக்குக் கறக்க வராது என்பது உனக்குத் தெரியும், பாதிப்பால் தரையில்.

வெயில் ஏறிய பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து அவள் சொன்னதைத்தான் நான் உனக்கு எழுத வேண்டும்.

"ஆடி அமாவாசைக்கு அம்மா மண்டபப் படித்துறையில அவனுக்குச் செய்ய வேண்டியதைச் செஞ்சிடறேன். எங்க அண்ணன் மகன் செய்வான், பேசிட்டேன். அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு தெரியணும்க்கா. அவன் பக்கத்துல யார் இருந்தா?"

"என் பிள்ளை வந்தப்போ கேக்கலையா?"

"தம்பி உள்ளயே வரல. வாசல்லயே நின்னுச்சு. மோர் குடுத்தேன், கையில வச்சுக்கிட்டே நின்னுச்சு, குடிக்கல. 'வலி இல்லாம போயிட்டான் அத்தை'ன்னு சொல்லிட்டு, டம்ளரை அப்படியே கீழ வச்சிட்டுப் போயிருச்சு. வலி இருந்துச்சா இல்லையான்னு நான் கேக்கலையே."

அங்கே என்ன நடந்தது என்று நீ என்னிடமும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. ஒருவேளை நீதான் அவன் பக்கத்தில் இருந்தாய், பார்த்ததைச் சொல்ல முடியாமல் ஓடினாய். ஒருவேளை உன் வண்டியில் அடிபட்டவர்கள் இருந்தார்கள், நிறுத்த முடியாமல் ஓட்டிக்கொண்டு போய்விட்டாய். ஒருவேளை நீ போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. எதுவாக இருந்தாலும் என் பிள்ளை என் பிள்ளைதான், நான் ஒரு கேள்வியும் கேட்கமாட்டேன். ஆனால் அவளுக்கு அது தெரிய வேண்டும். பக்கத்தில் நீ இருந்தாய் என்றால் அதைச் சொல். யாரும் இல்லை என்றால் அதையும் சொல். அவளுக்காக எதையும் அழகுபடுத்தாதே. ஒரு செடி நாளுக்கு நாள் சாவதைக் கண்ணை எடுக்காமல் பார்த்தவள் அவள். நீ சொல்வதையும் கேட்பாள். அவளுக்கு இல்லாத பயம் எல்லாம் உனக்கும் எனக்கும்தான்.

கருகிய குச்சியை அவளே பிடுங்கி அடுப்பு எரிக்கப் போட்டுவிட்டாள். அந்த மூலையில் ஆடிப் பட்டத்துக்கு அவரை விதை போடப்போகிறாளாம். உன் செடி அதோடு முடிந்தது. இனி உன் கடிதங்களில் அதைப் பற்றிக் கேட்காதே. மரகதம் எப்படி இருக்கிறாள் என்று கேள்.

இதற்கு நீ பதில் எழுதவும் வேண்டாம். எழுத உட்கார்ந்தால் நீயும் என்னைப்போலக் கொல்லைக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருப்பாய். கம்பெனியில் லீவு கேள். கல்யாணச் சாமான் வாங்க என்று சொல்லிக்கொள். அமாவாசைக்கு முன்னால் ரயில் ஏறு. அப்பா ஸ்டேஷனுக்கு வருவார், நான் வரமாட்டேன். உன்னைப் பார்த்து எத்தனை மாதம் ஆயிற்று என்று எனக்குத் தெரியும், ஆனாலும் நேராக வீட்டுக்கு வராதே. அப்படியே காட்டூர் பஸ்ஸைப் பிடி. அவள் வீட்டுக்கு உள்ளே போய் உட்கார். அவள் கொடுக்கிற மோரைக் குடி. கேட்பதற்கெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, பிறகு வா. எவ்வளவு நேரம் ஆனாலும் நான் சாப்பிடாமல் இருப்பேன்.